ஸ்லைடர் கைப்பேசிகளில் மின்கல ஆயுளும் சிக்னல் நிலையும்: ஓர் அகத்திணை ஆய்வு

1. பொருளும் எல்லையும்

திரைக்கு அடியில் எழுத்து விசைகளை ஒளித்து வைத்திருந்து, கட்டைவிரலால் தள்ளியவுடன் அவற்றை வெளிக்காட்டும் திறன்பேசி இனம் ஸ்லைடர் எனப்படும். 2008 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜி1, அஃதாவது தைவானின் எச்டிசி நிறுவனம் உருவாக்கிய ட்ரீம், இவ்வினத்தில் மூத்தது அன்றெனினும், உலகின் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி என்னும் சிறப்பால் தலைமை பெறுகிறது. அதனை அடுத்து 2009-இல் பாம் ப்ரீ, நோக்கியா என்97, என்900, மோட்டரோலா ட்ராய்டு ஆகியவை தோன்றின. இவற்றை வாங்கியோர் ஓயாது சொல்லிவந்த முறையீடுகள் இரண்டு: சார்ஜ் நிற்பதில்லை என்பது ஒன்று, சிக்னல் கிடைப்பதில்லை என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு நோய்கள் என்பது பரவலான நம்பிக்கை. இரண்டும் ஒரே நோயின் இரு குறிகளே என்பதையும், அந்நோய்க்கு மூலகாரணர் யார் என்பதையும் நிறுவுவது இவ்வாய்வின் நோக்கமாகும்.

2. மின்கலமும் பாகப்பிரிவினையும்

ஜி1-இன் தடிமன் 17.1 மில்லிமீட்டர், எடை 158 கிராம். இத்துணைப் பருத்த உடலுக்குள் அதற்கேற்ற மின்கலமும் இருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆயின், பல பிள்ளைகள் உள்ள வீட்டுச் சொத்தைப் போல, திரைக்கு ஓரடுக்கு, விசைப்பலகைக்கு ஓரடுக்கு, இரண்டையும் பிணைத்து நகரவைக்கும் பொறிக்கு ஓரடுக்கு எனப் பாகம் பிரித்தபின் மின்கலத்துக்கு எஞ்சியது 1150 மில்லியாம்பியர்-மணி மட்டுமே. மில்லியாம்பியர்-மணி என்பது ஒரு மின்கலம் எவ்வளவு மின்னோட்டத்தை எவ்வளவு நேரம் தரும் என்பதைச் சுட்டும் அளவு. 115 மில்லியாம்பியர் வீதம் உறிஞ்சினால் ஜி1 பத்து மணி நேரம் உயிர்வாழும், அதன் இருமடங்கு உறிஞ்சினால் ஐந்து மணி நேரத்தில் அணையும். பாம் ப்ரீயின் பங்கும் அதே 1150. என்900-க்கு 1320, ட்ராய்டுக்கு 1400, என்97-க்கு 1500. இப்பங்கீட்டை ஏற்காதோர்க்காகத் தடித்த மின்கலங்களும், அவற்றை மூடுவதற்கென முதுகு புடைத்த மூடிகளும் தனியே விற்கப்பட்டன. அவற்றைப் பொருத்திக்கொண்ட கைப்பேசி நெடுநேரம் உழைத்தது. சட்டைப் பையில் நுழைய மறுத்தது.

3. சிக்னலின் ஐந்திணைப் பகுப்பு

சிக்னல் வலிமை டெசிபல்-மில்லிவாட் என்னும் அலகால் அளக்கப்படும். 1 மில்லிவாட் ஆற்றலைச் சுழியம் எனக் கொண்டு, ஒவ்வொரு 10 டெசிபல் இறக்கத்துக்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதாகக் கணக்கிடும் முறை அது. பயனர்க்கு இவ்வெண் காட்டப்படுவதில்லை. திரையின் மேல்மூலையில் கோடுகளே காட்டப்படுகின்றன. அன்றைய ஆண்ட்ராய்டில் நான்கு கோடுகள் முதல் கோடற்ற நிலை வரை ஐந்து நிலைகள் இருந்தன. ஐந்து என்னும் இவ்வெண் தமிழ் மரபினர்க்குப் புதிதன்று. கலிஃபோர்னியப் பொறியாளர்கள் அகத்திணை இலக்கணம் பயின்றதற்குச் சான்று கிடைக்கவில்லையாயினும், அவர்தம் பகுப்பு அதனோடு முற்றும் பொருந்துகிறது.

நான்கு கோடுகள் குறிஞ்சி. கூடல் அதன் உரிப்பொருள், அழைத்தவுடன் இணைப்பு கூடுதலின். மூன்று கோடுகள் முல்லை. வலைப்பக்கம் வரும் வரும் எனத் தலைவி ஆற்றியிருத்தலின். இரண்டு கோடுகள் மருதம். குரல் விட்டுவிட்டுக் கேட்க, 'கேக்குதா, கேக்குதா' என இருவரும் மாறிமாறி ஊடுதலின். ஒரு கோடு நெய்தல்; சன்னலோரம் சென்று கையை உயர்த்தி இரங்குதலின். கோடற்ற நிலை பாலை. பிரிவு அதன் உரிப்பொருள் என்பது விளக்கம் வேண்டாதது.

எஞ்சிய இரு திணைகளுக்கும் இங்கே இடமுண்டு. கோடுகள் காட்டுவது கோபுரத்தின் குரல் கைப்பேசிக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே. கைப்பேசியின் குரல் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. ஆகவே கோடுகள் இருந்தும் அழைப்பு போகாத நிலை, ஒருதலைக் காமமாகிய கைக்கிளையின்பாற் படும். 1150 மில்லியாம்பியர்-மணி மின்கலத்தை 3ஜி வலையமைப்போடு மணம் செய்வித்தது பொருந்தாக் காமமாகிய பெருந்திணை.

குறிஞ்சி குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. ஜிஎஸ்எம் வலையமைப்பில் அன்றைய ஆண்ட்ராய்டு கணக்கின்படி, -51 டெசிபல்-மில்லிவாட் முதல் -89 வரை எதுவாயினும் நான்கு கோடுகளே தோன்றும். இடையிலுள்ள 38 டெசிபல் என்பது ஏறத்தாழ 6300 மடங்கு வேறுபாடு. கோபுரத்தின் அடியில் நிற்பவரும் கட்டடத்தின் உள்ளறையில் இருப்பவரும் ஒரே நான்கு கோடுகளைக் கண்டு ஒரே அளவு மகிழ்ந்தனர். இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும் உரிய குற்றமன்று. தன் ஐஃபோனில் கோடுகளைக் கணக்கிடும் சூத்திரம் பிழையானது என்றும், பல இடங்களில் உள்ளதைவிட இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டியது என்றும் ஆப்பிள் நிறுவனமே 2010 ஜூலையில் அறிவித்தது.

4. இரு நோயும் ஒன்றாதல்

சிக்னல் குறைந்தால் மின்கலம் ஏன் இளைக்க வேண்டும் எனின், கூறுதும். கைப்பேசி வெறும் செவியன்று, வாயும் உடையது. கோபுரம் அண்மையில் இருப்பின் மெல்லப் பேசும்; சேய்மையில் இருப்பின் உரக்கக் கூவும். டி-மொபைல் அமெரிக்காவில் பயன்படுத்திய 1900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் அலைவரிசையில், கைப்பேசி ஒலிபரப்பும் ஆற்றல் 1 மில்லிவாட்டிலிருந்து 1 வாட் வரை, அஃதாவது ஆயிரம் மடங்கு வரை, தேவைக்கேற்ப ஏறியிறங்கும் தன்மையது. குறிஞ்சியில் முணுமுணுத்த கருவி நெய்தலில் கூக்குரலிடுகிறது. பாலையிலோ, யாரும் இல்லாத வெளியில் கோபுரத்தைத் தேடித்தேடிக் களைக்கிறது. 3ஜி எல்லையின் விளிம்பில் வாழ்ந்தோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கைப்பேசி 3ஜிக்கும் 2ஜிக்கும் இடையே ஓயாது மாறிமாறி அலைந்தது. '2ஜி மட்டும்' என ஒரு தேர்வை ஆண்ட்ராய்டு தன் அமைப்புகள் பக்கத்திலேயே வைத்து, அது மின்கலத்தை மிச்சப்படுத்தும் எனக் குறிப்பும் எழுதியதால், இவ்வுண்மையை ஆக்கியோரும் அறிந்திருந்தனர் என்பது பெறப்படும்.

5. பிறர் கொள்கையும் மறுப்பும்

குற்றம் கையினுடையது என்பர் ஒருசாரார். மனித உடல் வானலைகளை உறிஞ்சும். பல கைப்பேசிகளில் ஆன்டெனா, தலையிலிருந்து விலகியிருக்கும் பொருட்டு, அடிப்பகுதியில் அமைக்கப்படும். ஸ்லைடரைத் திறந்து கிடைமட்டமாகப் பிடித்துத் தட்டச்சு செய்கையில் இரு முனைகளும் இரு உள்ளங்கைகளுக்குள் அடங்குவதால், ஆன்டெனா எம்முனையில் இருப்பினும் ஒரு கை அதனைப் பொத்தியே தீரும். ஜி1-இல் வலக்கட்டைவிரல், தாடைபோல் புடைத்த கீழ்முனையைச் சுற்றி நீண்டே விசைகளை எட்ட வேண்டியிருந்தது. இக்கொள்கை உண்மையே, எனினும் தட்டச்சு செய்யாத நேரத்துச் சோர்வை இது விளக்காது.

பின்னணியில் ஓடும் செயலிகளே குற்றவாளிகள் என்பர் மற்றொரு சாரார். இவர்கள் செயலிகளைக் கொல்வதற்கென்றே வேறொரு செயலியை நிறுவினர். கொல்லப்பட்டவை மீண்டும் மீண்டும் உயிர்த்தெழுந்தன. ஒவ்வொரு பிறவிக்கும் மின்கலம் செலவாயிற்று. ஆகவே இதுவும் பொருந்தாது.

6. மூலகாரணர்

இனி மெய்ம்மையைக் கூறுதும். ஸ்லைடர் வைத்திருந்தவர் ஒருவரது கையை அருகிருந்து நோக்குக. கட்டைவிரல் திரையின் விளிம்பைத் தள்ளுகிறது. வில்சுருள் இழுக்க, திரை ஒரு வளைவில் நகர்ந்து 'டக்' என்று நிற்கிறது. படம் கிடைமட்டமாகத் திரும்புகிறது. ஐந்து வரிசை விசைகளுக்கும் பின்னால் விளக்கு எரிகிறது. அவர் எதையும் எழுதவில்லை. மேல்மூலையில் கோடுகளையும் மின்கலச் சின்னத்தையும் பார்க்கிறார்; பெருமூச்செறிகிறார்; மூடுகிறார்; 'டக்'. சற்று நேரத்தில் மீண்டும் திறக்கிறார்.

திரையின் பின்விளக்கு, விசைகளின் விளக்கு, விழித்தெழும் நுண்செயலி ஆகிய மூன்றும் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என அறிவதற்காகவே சார்ஜைச் செலவிட்டன. தொடக்கத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஜி1 வெளிவந்தபோது திரைமேல் விசைப்பலகை இல்லாமையால், ஒரு பெயரைத் தேடவும் திறந்தே ஆகவேண்டியிருந்தது. 2009-இல் ஆண்ட்ராய்டு 1.5 அக்குறையைத் தீர்த்தது. அதன்பின்னும் திறத்தல் ஓயவில்லை என்பதால், திறத்தலுக்குக் காரணம் தேவையன்று, அந்த 'டக்' ஓசையே என்பது தெளிவு.

7. முடிபு

இவற்றால் பெறப்படுவன: ஸ்லைடரின் விசைப்பலகை மின்கலத்தின் இடத்தைக் கவர்ந்தது, குன்றிய சிக்னல் அதன் ஆற்றலைக் கவர்ந்தது, உரிமையாளரின் கவலை எஞ்சியதைக் கவர்ந்தது. முதலிரண்டுக்கும் மருந்து காலப்போக்கில் வந்தது. 2015-இல் பிளாக்பெரி வெளியிட்ட ப்ரிவ் என்னும் ஸ்லைடர் 3410 மில்லியாம்பியர்-மணி மின்கலத்தோடு, அஃதாவது ஜி1-ஐப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கொள்ளளவோடு, வந்தது; மறு ஆண்டே அந்நிறுவனம் கைப்பேசிகளைத் தானே வடிவமைப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. மூன்றாவதற்கு மருந்து எளிது: கைப்பேசியை மூடி, கோடுகள் நிறைந்த இடத்தில் மேசைமேல் வைத்துவிட்டுத் தொடாதிருந்தால் மின்கலம் நெடுநேரம் நீடிக்கும். ஆயின் மூடி வைப்பதற்காக எவரும் ஸ்லைடர் வாங்கியதில்லை.