தாத்தாவுக்கு மூளை வந்த கதை

ஏலே பேராண்டி, அந்த ஓவிய நோட்டை இங்கன கொண்டா. பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்னத்துக்கு ஒளிக்க? நான் என்ன மார்க்கா போடப் போறேன்?

முதல் பக்கம். ஜூன் மாசம். ரெண்டு முக்கோண மலை, நடுவுல சூரியன், அடியில ஆறு, ஓரமா ஒரு தென்னை, வானத்துல 3-ஐக் கவுத்துப் போட்டாப்புல பறவை. ஒங்கப்பனும் ஒம் வயசுல இதையேதான் வரைஞ்சான். கோவில்பட்டிக் கரிசக்காட்டுல பனி மூடுன ரெட்டை மலையை எங்கலே பாத்தே? பக்கத்துல இருக்கது கழுகுமலை. ஒத்தப் பாறை. அதும் உச்சியில பனியா விழுது? வெயிலுல்லா விழுது!

இதுக்கே வீட்டுல என்ன கூத்து! ஒன்பதாங் கிளாசுல முதல் தடவையா ஓவியம் படிக்கப் போற பயலுக்கு அம்மை 48 கலர் பெட்டி வாங்குதா. அப்பன் 12 பென்சில் அடுக்குன தகர டப்பாவோட வாரான். நீ வேற, "மூடு வரணும் தாத்தா"ன்னு போனைத் தடவிக்கிட்டு உக்காந்தே. மூடு வாறதுக்கு அது என்ன டவுன் பஸ்ஸா? கோடு கோணினதும், "2பி சரியில்ல, 6பி வேணும்"னே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பென்சிலுக்குள்ள என்னலே இருக்கு? கிராபைட்டும் களிமண்ணும். மண்ணு கூடுனா எச், கெட்டியா வெளிறும். குறைஞ்சா பி, மெத்துன்னு கறுக்கும். அம்புட்டுத்தான் சூட்சுமம். ஒங்க ஆச்சி தினமும் விடியுமுன்ன வாசல்ல கோலம் போடுதாளே, அவகிட்ட எந்த நம்பர் மாவு இருக்கு? ரப்பர் உண்டா?

நம்மூர்ல டிராயிங் பீரியடுன்னா கணக்கு வாத்தியார் கடன் வாங்கிட்டுப் போறதுக்குன்னே உண்டானது. வாங்குன கடனை ஒருத்தரும் திருப்பிக் குடுத்ததில்லை. ஒனக்கு வாய்ச்ச டிராயிங் சாரு விடாக்கண்டர், பீரியடை விட்டுக் குடுக்கலை. மேசையில ஒரு செம்பை வச்சு வரையச் சொன்னாராம். நீ வரைஞ்ச லட்சணத்தைப் பாரு. வாயி முழு நிலா. அடி? ஸ்கேல் வச்சு இழுத்த கோடு! வாயை மேலருந்து எட்டிப் பாத்தவன், அடியைத் தரையில படுத்துக்கிட்டா பாத்தே? செம்பு மேசையில தட்டையா உக்காந்திருக்குன்னு ஒம் மண்டைக்குத் தெரியும், அதனால தட்டையாப் போட்டுட்டே. எதுக்க இருக்கதைக் கண்ணு சொல்லச் சொல்லக் கேக்கலை.

பத்துப் பக்கம் தள்ளு. இன்னொரு செம்பு. வாயி நீள்வட்டம், அடி அதைவிட ஒரு சொட்டு கூட வளைஞ்சிருக்கு. சன்னல் பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, மேசையில நிழல். இதுல தண்ணி ஊத்தி வைக்கலாம்லே. முன்னதுல ஊத்துனா வீடெல்லாம் ஓடியிருக்கும்.

இது யாரு? நானா! கண்ணு ரெண்டும் நெத்தியில ஏறிக் கெடக்கு. உச்சந்தலையிலருந்து தாடை வரைக்கும் அளந்தா கண்ணு நட்டநடுவுலதான் வரும். அதுக்கு மேல மூளைக்கு எடம் வேணும்லா? நீ எனக்கு மூளையே வைக்கலை. பொறவு ஒருநா ஒத்தக் கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சில்ல பெருவிரலை நகட்டி நகட்டி, தச்சாசாரி மட்டம் பாக்காப்புல என்னைய அளந்தியே, அன்னைக்குத்தான் எனக்கு மூளை வந்துச்சு.

நடுவுல ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே. கூடப் படிக்கிற பய டேப்லட்டுல வரைஞ்சு நூறு லைக்கு வாங்கிட்டானாம். வாங்கட்டுமே! இந்த ஊர்லதான் கொண்டையராஜுன்னு ஒருத்தர் இருந்தாரு. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சவரு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கிட்டு வந்தவரு இங்கயே தங்கிட்டாரு. (படத்தை அப்ப 'எழுதுறது'ன்னுதாம்லே சொல்லுவோம்.) அவரு எழுதுன முருகனும் லெச்சுமியும் சிவகாசியில அச்சாகி, காலண்டராப் போயி எத்தனையோ வீட்டுல மாட்டிக்கிட்டு நின்னுச்சு. 1976-ல போய்ச் சேந்தாரு. அவருக்கு எத்தனை லைக்குன்னு எவன் எண்ணினான்? சனம் படத்துக்குச் சூடம்லா காட்டுச்சு!

படம் பாதியில நிக்குன்னு அழுதே பாரு, அதுதான் எனக்குச் சிரிப்பு. கழுகுமலை வெட்டுவான் கோயில் என்னலே? பாண்டியர் காலத்துல பாறையை மேலருந்து கீழாக்க வெட்டி இறக்குனாங்க. விமானம் முடிஞ்சுது, அடிப்பக்கம் முடியலை. எட்டாம் நூற்றாண்டுலருந்து அப்பிடியே நிக்கி. இன்னும் பஸ் ஏறி வந்து பாக்கத்தான் செய்யுதாவ.

கடைசிப் பக்கம். என்னது, எஞ் செருப்பா? சாமி படம், சினிமாக்காரன் படம் எல்லாம் விட்டுப்போட்டு வாசல்ல கெடந்த செருப்பா கெடச்சுது ஒனக்கு? இரு, கண்ணாடியை எடு. வாரு பிஞ்சு ஊக்கு குத்தியிருக்கேன், அதையும் விடலை. இடது செருப்புக் குதிங்கால் என்னலே இம்புட்டுத் தேஞ்சிருக்கு? வலது நல்லாத்தானே இருக்கு? நீயா தேச்சிட்டியா?

நெசச் செருப்பைத் தூக்கிப் பாத்தேன். தேஞ்சுதான் இருக்கு. அப்ப நான் காலைச் சாச்சா நடக்கேன்? எழுவது வருசமா நடக்கேன், ஒருத்தன் சொல்லலையே! சாயங்காலம் டீக்கடைக்குப் போகையில காலையே பாத்துக்கிட்டு நடந்து, வாய்க்கா மேட்டுல தடுக்கி விழப் போயிட்டேன். அதையும் வரைஞ்சு வச்சிராதலே.