பாலாற்றங்கரையில் ஒன்றரைக் கண்: ஓர் ஆய்வுரை

இவ்வாய்வின் எல்லை வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை, பாலாற்றை ஒட்டிய தோல் வட்டாரம். ஆற்றில் தண்ணீர் உண்டா என்பது ஆய்வுக்கு வெளியே. 2019 நவம்பர் வரை இது முழுக்க வேலூர் மாவட்டம். இப்போது வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று மூன்று. ஒன்று மூன்றாகத் தெரிகிறதே என்று யாரும் கண் டாக்டரிடம் ஓட வேண்டாம். அது அரசாணை.

முதல் சிக்கல் கணக்கில் வருகிறது. இரு கண்ணும் ஒரே பக்கம் பார்க்காவிட்டால் டாக்டர் மாறுகண் என்கிறார். ஊரோ ஒன்றரைக் கண் என்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் எண்ணுவதெல்லாம் ஜோடிக் கணக்கு. ஒன்றரை ஜோடி எந்த பில்லிலும் ஏறாது. அப்படிப்பட்ட ஊரில், கண்ணில் மட்டும் அரையைக் கழித்தது யார்? கழித்த அரை எங்கே போயிற்று? அறிஞர் உலகம் இதைக் கேட்டதில்லை. வேறு வேலை இருந்திருக்கும்.

விடை மூளையில் கிடைக்கிறது. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. பன்னிரண்டும் ஒத்துப்போனால்தான் இரண்டு கண்ணின் படங்களும் ஒன்றாகச் சேரும். வளர்ந்தவருக்குத் திடீரென்று கண் விலகினால் எதிரில் நிற்கும் ஒருவர் இருவராகத் தெரிவார். குழந்தையின் மூளை இன்னும் சாமர்த்தியமானது. குழப்பம் செய்யும் கண்ணின் படத்தை ஓரங்கட்டிவிடும். ஓரங்கட்டப்பட்ட கண் நாளடைவில் பார்க்கவே பழகாமல் போகும். சோம்பேறிக் கண் என்பது இதைத்தான். ஆக, வேலை பார்ப்பது ஒன்று, பேருக்கு இருப்பது ஒன்று. கூட்டிப் பார்த்தால் ஒன்றரைதான்! தெருவில் கேலியாகப் பிறந்த கணக்கு மருத்துவத்தோடு ஒத்துப்போகிறது. (கணக்கு சரி என்பதற்காக ஒரு பிள்ளையை அப்படிக் கூப்பிட யாருக்கும் உரிமை வந்துவிடாது.)

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு: மாறுகண் அதிர்ஷ்டம் என்னும் கட்சி. ஆதாரமாக இதுவரை யாரும் பேங்க் பாஸ்புக் காட்டியதில்லை. "அதிர்ஷ்டக் கண்ணு, வளர்ந்தா சரியாயிடும்" என்று பாட்டி சொல்லச் சொல்ல ஆண்டுகள்தான் ஓடுகின்றன. நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மறைத்து, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்கும் சிகிச்சை ஏழெட்டு வயதுக்குள் நன்றாகப் பலிக்கும். பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். இத்தனைக்கும் பாட்டியின் ஊருக்குப் பக்கத்திலேயே, வேலூர் ஆரணி சாலையில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1902-ல் 40 படுக்கைகளோடு திறந்த ஆஸ்பத்திரி அது. பின்னாளில் கண்ணுக்கென்றே ஆகிவிட்டது.

கண் கோளாறுகளுக்கு ஊர் வைத்த மற்றப் பெயர்களை விரைவாகக் கடக்கலாம். கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்தால் "பூ விழுந்திருச்சு" என்கிறோம். கண்முன் புள்ளிகள் மிதந்தால் "பூச்சி பறக்குது". பூவும் பூச்சியும் சேர்ந்துவிட்டதால் தமிழர் கண்ணைத் தோட்டக்கலைத் துறையில் சேர்க்கலாமா என்பது தனி ஆய்வுக்கு உரியது. மாலைக்கண் அதே துறையின் கீரைப் பிரிவில் வரும். வைட்டமின் ஏ குறைந்தால் மங்கிய வெளிச்சத்தில் பார்வை போகும்.

சாளேஸ்வரம் மட்டும் நின்று பார்க்க வேண்டிய இடம். பழைய தலைமுறை இந்தப் பெயரைச் சொல்லக் கேட்டால், பாடல் பெற்ற தலம் போலிருக்கிறதே என்று தோன்றும். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் இருக்கிறார். அவருக்குப் பூசையும் நடக்கிறது. சாளேஸ்வரருக்கு மட்டும் கோயிலைக் காணோம். ஆம்பூர் கடைத்தெருவில் உருதுவில் பேரம் பேசியவருக்கு மர்மம் உடனே விளங்கும்: சாலீஸ் என்றால் நாற்பது. நாற்பதை ஒட்டிக் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பது மங்கும். தமிழில் இதற்கே வெள்ளெழுத்து என்றும் பெயர். இந்தத் தலத்துக்கு எல்லோரும் ஒருநாள் போயாக வேண்டும்.

இங்கே விளையாட்டைக் கொஞ்சம் நிறுத்தலாம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேல்பாகத்தை, அதாவது அப்பரை, மெஷினில் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓட்டும் வேலை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துச் சோதித்த ஆய்வு 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி கிடைக்காதவர்களை விட, கிடைத்தவர்களின் கொழுந்து பறிப்பு சுமார் 22 விழுக்காடு கூடியிருந்தது. இலைக்கே இப்படி என்றால் ஊசிமுனைக்கு எவ்வளவு இருக்கும்?

ஆகவே தையல் பிரிவு சூப்பர்வைசர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நாற்பது தாண்டிய அக்கா ஒருவர் தையலில் ஒரு கண்ணி விட்டுவிட்டால், சத்தம் போடுவதற்கு முன்னால் அவர் கடைசியாகக் கண் பரிசோதித்தது எப்போது என்று கேளுங்கள்.