ஆவன செய்க, சாட்ஜிபிடி!

ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளருக்குக் கை சும்மா இருக்காது. பென்ஷன் உத்தரவு வந்த கையோடு குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராகிவிடுவார். எங்கள் சங்கத்துக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார். 'சூப்பரிண்டெண்ட் சார்' என்றால் பால்காரருக்குக்கூடத் தெரியும். பேத்தி அவர் போனில் சாட்ஜிபிடியைப் போட்டுக்கொடுத்தாள். அன்று முதல் அதைத் தம் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளராகவே நடத்தி வருகிறார்.

மற்றவர்கள், 'தண்ணித் தொட்டி கழுவ ஒரு நோட்டீஸ் எழுது' என்பார்கள். அது தண்ணீரின் மகத்துவத்தில் தொடங்கி இரண்டு பக்கம் கொட்டும். சார் முறைப்படி எழுதுவார்:

'பொருள்: குடியிருப்பு – மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்தல் – அறிவிப்பு – வரைவு கோருதல் – தொடர்பாக. பார்வை: சென்ற ஆண்டு அறிவிப்பு, நகல் இணைக்கப்பட்டுள்ளது. ஞாயிறு காலை 6 முதல் 10 வரை தண்ணீர் வராது. படிப்போர் 48 வீட்டார். பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். எட்டு வரிக்கு மிகக் கூடாது. பொன்மொழி தவிர்க்கவும். ஆவன செய்க.'

சிரிப்பு வரும். ஆனால் முதல் தடவையிலேயே அப்படியே லிஃப்டில் ஒட்டுகிற மாதிரி நோட்டீஸ் வந்துவிடுகிறது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு, முன்மாதிரி எது என்று நாலையும் சொல்வதற்குத்தானே பிராம்ப்ட் வகுப்பு நடத்திக் காசு வாங்குகிறார்கள்? மேலதிகாரிக்கு ஒன்றுமே தெரியாது என்ற அசைக்க முடியாத நம்பிக்கையில் எழுதிப் பழகிய கை அது. இங்கே சக்கைப்போடு போடுகிறது.

ஐ.டி. மருமகன், 'நீ 30 ஆண்டு அனுபவமுள்ள உலகப் புகழ்பெற்ற நிபுணர்' என்று தொடங்கச் சொன்னார்.

"சேர்ந்த அன்னிக்கே புரமோஷனா மாப்ளே? சீனியாரிட்டி என்ன ஆறது?"

மாப்பிள்ளை விடவில்லை. 2022-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தாரும் கூகுள்காரர்களும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்றை எடுத்துவிட்டார். 'படிப்படியாக யோசிப்போம்' என்று ஒரு வரி சேர்த்ததற்கே, ஒரு கணக்குத் தேர்வில் சரியான விடை 17.7 சதவீதத்திலிருந்து 78.7-க்கு ஏறியதாம்.

"நோட் போடாம எந்த ஃபைல் மேல போயிருக்கு? இதுக்கு ஆராய்ச்சி வேறயா?"

'ப்ளீஸ்', 'தேங்க்யூ' எல்லாம் அவரிடம் கிடையாது. இந்த மரியாதைச் சொற்களால் ஆகும் மின்செலவு பல கோடி டாலர் என்றும், அது நல்ல செலவுதான் என்றும் 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன் எக்ஸ் தளத்தில் எழுதியதைச் சொன்னபோது சாரின் முகம் சுருங்கியது. "ஆடிட்ல மாட்டுவான், பாவம்."

போன மாதம்தான் சிக்கல். லிஃப்ட் உரிமம் பற்றி அது ஓர் அரசாணையை எண், நாளோடு எடுத்து வீசியது. காலமெல்லாம் ஜி.ஓ.க்களோடு குடித்தனம் நடத்தியவரிடமா? தேடிப் பார்த்தார், அப்படி ஓர் ஆணையே இல்லை. 'இணைத்த ஆவணத்தில் உள்ளதை மட்டும் சொல். இல்லையேல் இல்லை என்று சொல்' என எழுதாமல் விட்டதன் விளைவு. பார்வை இல்லாமல் கடிதம் போனால் அப்படித்தான். சார் உடனே அரசு ஊழியருக்குச் சிறு தண்டனை தரும் விதி 17(ஏ)-யின் கீழ் விளக்கம் கேட்டு மெமோ அடித்தார்.

பதில் அடுத்த நொடியே வந்தது. 'தாங்கள் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. தவறுக்கு வருந்துகிறேன்.'

சார் ஆடிப்போய்விட்டார். அவர் சர்வீஸில் கால அவகாசம் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்ட முதல் ஊழியர். மன்னித்து, கோப்பை முடித்துவிடலாம் என்றுகூட இருந்தார். அடுத்த வரியில் 'சரியான அரசாணை இதோ' என்று இன்னொரு எண் இருந்தது.

அதுவும் இல்லை. 17(பி) தயாராகிக்கொண்டிருக்கிறது.