பினோ நுவார் அண்ணன்

பெங்களூரில் வேலை, வீரபாண்டித் திருவிழாவுக்கு மட்டும் ஊர் என்று வாழும் தேனிக்காரர்களில் ஒரு தனி ரகம் உண்டு. பினோ நுவார் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். கையில் எந்தக் கிளாஸைக் கொடுத்தாலும், அது இஞ்சி டீயே ஆனாலும், நாலு சுழற்று சுழற்றி மூக்கை நுழைத்துப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். பிரான்சின் பர்கண்டிதான் அவருக்குக் காசி. அங்கே விளையும் பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெலிது, அதனால் ஒயினில் நிறமும் துவர்ப்பும் குறைவு, வாசம் தூக்கல் என்பார். 2004-இல் 'சைட்வேஸ்' படம் வந்தபின் அமெரிக்காவில் அதற்கு மவுசு ஏறிய கதையும் சொல்வார். எல்லாம் சரிதான். ஆனால் பாராட்டுரையை மனப்பாடம் செய்த வேகத்தில் அவர் நாக்கைப் பழக்க மறந்துவிட்டார் என்பது என் கட்சி.

சாட்சிக்குப் பஞ்சமில்லை. "ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்லதான் குடிக்கணும், தம்பி" என்று சட்டம் பேசுவார். அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்குப் பிறந்த விதி. இலகுவான சிவப்பு ஒயினுக்கு 13 முதல் 16 டிகிரி தேவை. சித்திரை மாதத்துத் தேனி மாடியறை அந்த டிகிரியைக் கனவிலும் கண்டதில்லை. அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் குடிமுழுகிவிடாது. அடுத்து, கம்பம் பள்ளத்தாக்கின் காமயகவுண்டன்பட்டிப் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சையைக் கண்டதும், "கொட்டை இருக்குமேப்பா" என்று முகம் சுளிப்பார். பினோ நுவாரிலும் கொட்டை உண்டு. அவர் உருகிப் பேசும் டானின் என்னும் துவர்ப்பு தோலிலும் கொட்டையிலும் இருந்துதான் இறங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். மரபணு ஆய்வு சொல்லும் அதன் பெற்றோர் அலெக்சாண்டிரியா மஸ்கட்டும் ஸ்கியாவா குரோசாவும். பின்னதற்கு ஜெர்மனியில் டிரோலிங்கர் என்று பெயர். வூர்ட்டம்பெர்க் வட்டாரத்தார் அன்றாடம் குடிக்கும் வெளிர்சிவப்பு ஒயின் அதில்தான் ஆகிறது. அண்ணன் கடல்தாண்டித் தேடும் இலகு சிவப்பின் சொந்தபந்தம், குமுளி ரோட்டில் லாரி ஏறிக் கேரளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

"அது சாப்பிடுற பழம், ஒயினுக்கு ஆகாது" என்று அண்ணன் மறுக்கலாம். சீனாவின் தியான்ஜினிலும் கலிபோர்னியாவிலும் இதே ரகத்தில் ஒயின் செய்கிறார்கள். அது பினோ நுவாரின் நுட்பத்தை எட்டாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதன் குணம் பூவாசம். "மண்ணு முக்கியம்ப்பா" என்றால், அந்த வழக்கிலும் கம்பம் தோற்காது. பென்னிகுயிக் கட்டி 1895-இல் முடித்த அணையின் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு இது. பர்கண்டியில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கே ஏதாவதொரு பந்தலில் ஆண்டு முழுக்கக் குலை பழுக்கிறது. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. "குடியில் என்னய்யா ருசி ஆராய்ச்சி?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் பதில் உண்டு: ருசிக்காகக் குடிப்பவர் மெதுவாகக் குடிப்பார். அண்ணன் சுழற்றுகிற நேரமே அதிகம் என்பதால் அவரால் டாஸ்மாக்குக்குச் சல்லிக்காசு லாபமில்லை. அந்தப் பொறுமையை அவர் ஒரு குலை பன்னீர் திராட்சையிடமும் காட்டலாம். மூக்கையும் நாக்கையும் பழக்க அது போதும். பல்லாயிரம் ரூபாய் பாட்டிலைத் திறந்துவைத்து அரிச்சுவடி படிக்க வேண்டியதில்லை.