நாற்பது குதிரையும் ஒரு வாத்தும்

லூசியானாவில் குடியிருக்கும் மெக்கானிக்கல் என்ஜினியருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, எண்ணெய்க் கம்பெனி சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்வது. இன்னொன்று, அக்கம்பக்கத்தார் சம்பளம் கொடுக்காமல் செய்யச் சொல்வது. புல்வெட்டி கிளம்பவில்லை, ஜெனரேட்டர் இருமுகிறது என்று வருவார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், வாத்து வேட்டைப் படகுக்கு மோட்டார் தேர்ந்தெடுத்துத் தரச் சொன்னார். வாத்து முட்டையைத் தவிர அந்தப் பறவையோடு எனக்கு வேறு கொடுக்கல் வாங்கல் கிடையாது என்றேன். "வாத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், மோட்டாரை நீ பார்" என்றார்.

அவருடையது 14 அடி நீள ஜான் போட். அலுமினியம், தட்டையான அடிப்பாகம், 36 அங்குல அகலம். அது போக வேண்டிய இடம் அட்சாஃபலாயா. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய ஆற்றுச் சதுப்பு. அங்கே தண்ணீர் என்று பெயர் வாங்கியதில் பாதி சேறு. மீதியில் சைப்ரஸ் மரக்கட்டைகள் கிடக்கும். இரண்டையும் மூடிக்கொண்டு ஆகாயத்தாமரை.

இந்தத் தாமரைத் தொல்லை அங்கே நூறு வருஷத்துக்கும் மேற்பட்டது. 1910இல் லூசியானாவின் காங்கிரஸ் உறுப்பினர் ராபர்ட் புரூசார்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளை இறக்கிவிட்டால் அவை தாமரையைத் தின்றுவிடும். அப்புறம் நீர்யானைகளை ஜனங்கள் தின்றுவிடலாம். நீர்வழியும் திறக்கும், நாட்டின் இறைச்சித் தட்டுப்பாடும் தீரும். மசோதா நிறைவேறவில்லை. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம்தான். சேற்றில் மாட்டாத, களையையே எரிபொருளாகக் கொண்ட, ரிவர்ஸும் உள்ள ஒரு வாகனத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

நீர்யானை இல்லையென்று ஆனபிறகு மிச்சம் மோட்டார்தான். சாதாரண அவுட்போர்டு மோட்டார் அங்கே உதவாது. அது தன் சூட்டைத் தணித்துக்கொள்ளக் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சும். கணுக்கால் ஆழத்தில் உறிஞ்சினால் வருவது சேறு. பம்பின் ரப்பர் சக்கரம் தேய்ந்து, இன்ஜின் கொதித்து நிற்கும். அதனால் சேற்று மோட்டார்களுக்குக் காற்றுதான் குளிர்ச்சி. புல்வெட்டி, ஜெனரேட்டர் வகையறா இன்ஜினைப் படகின் பின்புறம் ஏற்றி, அதிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு நீளமான தண்டை நீட்டி, நுனியில் புரொப்பெல்லரை மாட்டிவிடுவது. இதுதான் லாங் டெயில். லூசியானாவின் பேட்டன் ரூஜில் 1977இல் வாரன் கோகோ என்பவர் 'கோ டெவில்' என்ற பெயரில் இதை விற்க ஆரம்பித்தார். தாய்லாந்துக்காரரும் நம் நாகப்பட்டினம் மீனவரும் பார்த்தால், எங்கள் படகில் இருப்பதுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பார்கள்.

இரண்டாவது வகை சர்ஃபேஸ் டிரைவ். தண்டு குட்டை, புரொப்பெல்லர் பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றும். வேகம் அதிகம், விலை அதைவிட அதிகம்.

196 சிசி இன்ஜின் வைத்த சின்ன லாங் டெயில் போதும் என்று நான் சொன்னேன். அந்த இன்ஜினுக்கு முன்பெல்லாம் 6.5 குதிரை என்று பெயர். அளக்கும் முறையை மாற்றியபின் அதே இன்ஜின் 5.5 ஆகிவிட்டது. இன்ஜினில் ஒரு திருகும் மாறவில்லை, ஒரு குதிரை மட்டும் லாயத்தைவிட்டு ஓடிப்போயிற்று. அதன் குணங்களையும் ஒளிக்காமல் சொன்னேன். நியூட்ரல் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது. வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்காமல் கயிற்றை இழுத்தால், ஏறாத ஆளைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கிளம்பிவிடும். சத்தம் காது கிழியும். ஆனால் கட்டையில் மோதினால் வால் தானே எழும்பித் தாண்டிவிடும். பழுதானால் புல்வெட்டி மெக்கானிக்கே போதும்.

அவர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து அவருடைய மைத்துனர் வந்து சேர்ந்தார். மைத்துனர்கள் உலகெங்கும் ஒரே ஜாதி. 6.5 என்றதும் சிரித்தார். "குறைந்தது 23" என்றார். காப்பி வந்தபோது 35 ஆயிற்று. காப்பி முடிந்தபோது 40. நாற்பது குதிரை சர்ஃபேஸ் டிரைவின் எடை 100 கிலோவை நெருங்கும். அதைச் சின்னப் படகின் பின்னால் மாட்டி, ஆளும் நாயும், நிஜ வாத்தை ஏமாற்றி வரவழைக்க ஒரு மூட்டைப் பொம்மை வாத்தும் ஏறினால் படகின் பின்பக்கம் அமிழும். அமிழ்ந்தால் ஆழமான தண்ணீர் வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் ஓடுவதற்காக வாங்கிய மோட்டாரைச் சுமப்பதற்காகவே ஆழம் தேட வேண்டியதாகும். படகுக்குள்ளே அறைந்திருக்கும் தகட்டில் எத்தனை குதிரை, எத்தனை எடை தாங்கும் என்று எழுதியிருப்பதைக் காட்டினேன். "அப்படியானால் படகையும் மாற்றிவிடலாம்" என்றார் மைத்துனர். படகு பெரிதானால் டிரெய்லர், டிரெய்லர் பெரிதானால் டிரக். வாத்தின் எடை மட்டும் அதே ஒரு கிலோ.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. மோட்டார் ஓடும்போது வாத்தைச் சுட அமெரிக்கச் சட்டம் விடாது. இன்ஜினை அணைத்து, படகும் நகராமல் நின்றபிறகுதான் துப்பாக்கியைத் தூக்கலாம். ஓடிப்போய் வாத்தைப் பிடிக்கப் போவதில்லை என்றால் 40 குதிரை யாரைத் துரத்த?

"மற்ற வேட்டைக்காரர்களை" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

அப்போதுதான் விவகாரம் விளங்கியது. பொதுச் சதுப்பில் முந்தியவனுக்கே இடம். விடியுமுன்னே இருட்டில் பாய்வதெல்லாம், பண்டிகைக்கு முதல்நாள் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற அதே கலைதான். துண்டின் விலைதான் பயமுறுத்துகிறது.

பேப்பர் எடுத்தேன். போகிற தூரம் மூன்று மைல் என்று வைத்துக்கொள்வோம். பெரிய மோட்டார் மணிக்கு 30 மைல் போனால் ஆறு நிமிடம். சின்னது மணிக்கு 6 மைல் போனால் முப்பது நிமிடம். வித்தியாசம் 24 நிமிடம். அலாரத்தை 24 நிமிடம் முன்னால் திருப்பி வைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் மிச்சம். மைத்துனர் அந்தப் பேப்பரைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். விடை மாறவில்லை. "மூன்று மணிக்கு மனிதன் எழுந்திருப்பானா?" என்றார். அதற்கு என்ஜினியரிங்கில் பதில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் உள்ளேயிருந்து, "நான் எழுப்புகிறேன், டிரக்கை மாற்றாமல் இருந்தால் போதும்" என்றார்.

சின்னதையே வாங்கினார். இப்போது அவர் இருட்டிலேயே போய்ப் பொம்மைகளை மிதக்கவிட்டு, நாயோடு உட்கார்ந்துவிடுகிறார். சூரியன் எழ அரை மணி இருக்கும்போது சுடும் நேரம் தொடங்கும். அதற்கப்புறம்தான் மைத்துனர் மாதிரி ஆட்கள் நாற்பது குதிரையையும் ஒரேயடியாக உதைத்துக்கொண்டு வருவார்கள். அந்தச் சத்தத்தில் சதுப்பு முழுக்க உள்ள வாத்து எழும்பும். எழும்பிய வாத்துக்கு, ஆரவாரமில்லாமல் தண்ணீரில் மிதக்கும் அவருடைய பொம்மைகளைத் தவிர வேறு சொந்தக்காரர் கிடையாது. அவரைக் கேட்டால் தன் மோட்டார் 46.5 குதிரை என்கிறார். அதில் நாற்பதுக்கு மைத்துனர் பெட்ரோல் போடுகிறாராம்.