மிச்சக்கதைக்காரர்

கதை முடிந்துவிட்டது என்று எழுதியவரே சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதவர் ஊருக்கு ஒருவர் உண்டு. 1954-இல் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது இந்த வகையறாதான் அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கல்கியைத் துளைத்தெடுத்தது. அவரும் பொறுமையாக ஒரு முடிவுரை எழுதிப் பார்த்தார். அப்போதும் அடங்காதவர்களுக்கு விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ வந்து சேர்ந்தது.

போடிநாயக்கனூரின் மிச்சக்கதைக்காரருக்குச் சோழநாட்டோடு வழக்கு எதுவும் இல்லை. அவருடைய வழக்கு முழுக்கப் பெர்ன் என்கிற கிரகத்தில். வீடு போடியில், ஏலத்தோட்டம் மலைக்கு மேலே கேரள எல்லைக்குள், மனசு மட்டும் ஆன் மெக்காஃப்ரியின் டிராகன்களோடு. அந்தம்மா 1967-இல் தொடங்கிய கதை வரிசை அது. மறு வருடமே ஹ்யூகோ விருது கிடைத்தது. புனைகதைக்காக அதை வாங்கிய முதல் பெண் அவர். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த பிரதியொன்று அகப்பட்டதிலிருந்து நம்மவர் டீக்கடையில் வேறு பேச்சு பேசுவதில்லை.

“மேல ஒரு செவப்பு நட்சத்திரம் இருக்கு தம்பி. அது கிட்ட வந்துச்சுன்னா ஐம்பது வருசத்துக்கு வானத்துலேருந்து இழை இழையா விழும். பட்ட எடத்துல பச்சைன்னு ஒண்ணு மிஞ்சாது. டிராகன் மேல ஏறிப் போயி நடுவானத்துலயே கொளுத்தணும்.”

“நம்ம ஏலத்துக்கு வர்ற த்ரிப்ஸ் பூச்சி மாதிரின்னு சொல்லுங்கண்ணே.”

“அதேதான்!”

இப்படித்தான் அவருக்கு எல்லாம் புரிகிறது. மற்ற நாட்டு ரசிகர்கள் நீல டிராகன், பச்சை டிராகன் ஓட்டிகளுக்குத் தனிக் கதை வேண்டும் என்று கேட்கலாம். எப்போது பார்த்தாலும் தங்க டிராகன் ராணியும் வெண்கல டிராகன் தலைவனுமே கதையை அடைத்துக்கொண்டிருந்தால் எரிச்சல் வராதா? நம்மவர் அந்தக் கோரிக்கையையும் ஆதரிக்கிறார், ஆனால் அரைமனதாக. அவருக்கு வேண்டியது டிராகனே இல்லை. டிராகனுக்குத் தீனி போட்டவன் கணக்கு.

ஏனென்றால் பெர்னில் டிராகன் ஓட்டிகள் உழுவதில்லை, விதைப்பதில்லை. ஊரைக் காப்பதற்காக ஊர் அவர்களுக்குப் படியளக்கிறது. இதைப் படித்த அன்று அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். “இது நம்ம காவல்கூலிய்யா!” என்று கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். கதையில் நானூறு வருடம் இழை விழாமலே போய்விடுகிறது. இனி எதற்கு அளக்க வேண்டும் என்று ஊர்த்தலைவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆசிரியை டிராகன் பக்கம். நம்மவர் முணுமுணுப்பவர்கள் பக்கம். “நானூறு வருசம்! எங்க சங்கத்துல நாலு மாசம் கூட்டம் போடலேன்னா சந்தா குடுக்க மாட்டேங்குறோம். அவங்க பஞ்சாயத்தை ஒரு முழு நாவலா எழுதியிருக்க வேணாமா?” எனக்கும் அது நியாயமான கோரிக்கையாகத்தான் படுகிறது.

அடுத்த வழக்கு போக்குவரத்து. டிராகன் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றும். மூன்று தடவை இருமுகிற நேரம் போதும். இவருக்கோ போடியிலிருந்து போடிமெட்டு ஏறப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. விடிகாலையில் ஆள் ஏற்றிய ஜீப்புகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறிப் பழகியவர், பெர்ன்காரர்கள் தானியத்தை மாட்டு வண்டி போன்ற ஒன்றில் கட்டி அனுப்புவதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டார். “பறக்கறதுக்கு உருப்படி இருக்கு, மூட்டை மட்டும் ரோட்டுல வருது. வாடகை யாருக்குப் போவுது? அதைச் சொல்லல பாரு.”

பறக்கும் சரக்கு அவருக்குக் கற்பனையும் அல்ல. மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள். 1908-இல் அதைச் சின்ன ரயிலாக்கினார்கள். 1924 வெள்ளம் அதை வாரிக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி இறங்கின, அங்கிருந்து போடிக்கு வந்தன. “கொட்டகுடியில அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னு பெட்டியை எறக்குனான்ல ஒருத்தன், அவன் கதை எங்க?” என்பார். பெர்னிலிருந்து கொட்டகுடிக்கு அவர் தாவுகிற வேகத்துக்கு டிராகன் தோற்றுவிடும்.

சின்னச் சின்னப் புகார்களுக்கும் குறைவில்லை. பெர்ன்காரர்கள் ஒரு மரப்பட்டையைக் காய்ச்சி ‘க்ளா’ என்று குடிக்கிறார்கள். “பட்டையில காப்பி போடத் தெரிஞ்சவனுக்கு ஒரு ஏலக்காயைத் தட்டிப் போடத் தோணலையே.” சட்டைப்பையிலிருந்து எட்டு மில்லி காய் ஒன்றை எடுத்து, சாட்சிக்கு நிறுத்துவதுபோல் மேசைமேல் வைப்பார். தெற்குக் கண்டத்து மண்ணில் இழையைத் தின்றுவிடும் நல்ல புழு இருக்கிறது என்ற இடத்தை மட்டும் அவர் கடைசிவரை நம்பவில்லை. வேர்ப்புழுவால் தட்டை தட்டையாக இழந்தவரிடம் நல்ல புழு என்று ஒன்றைச் சொல்லி ஒப்பவைக்க எந்த விருதாலும் ஆகாது.

மெக்காஃப்ரி 2011-இல் காலமாகிவிட்டார். மகன் டாட் தொடர்ந்து எழுதினார். அதிலும் இவருடைய கணக்குக்கு விடை வரவில்லை. “அப்ப நீங்களே எழுதிருங்கண்ணே” என்று டீக்கடைக்காரர் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பறிப்பு ஓய்ந்த மாதத்தில் ஒரு நீள நோட்டு வாங்கப்பட்டது. முதல் அத்தியாயம் கூலி, இரண்டாவது உரம், மூன்றாவது ஸ்டோரில் காய் உலர்த்தும் விறகுச் செலவு. நோட்டில் பாதி தீர்ந்த நிலையில் கடைக்காரர் பயந்துகொண்டே கேட்டார்:

“எல்லாம் சரிண்ணே, டிராகன் எப்ப வரும்?”

“வந்துருச்சுப்பா. போடிமெட்டு செக்போஸ்ட்டுல நிக்குது. பெர்மிட் இல்லையாம்.”