அப்பாரு சொல்ற லாபக் கணக்கு

அந்தக் காகிதத்தை இப்பிடிக் குடு கண்ணு. கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இத்தனை நல்ல தாளு இப்ப ஒருத்தரும் போடறதில்ல. ‘வெளிநாட்டில் படிப்பதால் பத்து நன்மைகள்’னு காந்திபுரத்துக் கன்சல்டன்சிப் புள்ள அச்சடிச்சுக் குடுத்திருக்குது. உலகத் தரம், பன்னாட்டு அனுபவம், ஆளுமை வளர்ச்சி... எல்லாம் இருக்குது. ஆளுமைன்னா என்னன்னு உன்ற அப்பத்தாளைக் கேட்டேன். “உங்களுக்கு இருக்கறதுக்கே வைத்தியம் பாக்கோணும்”னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா.

பத்தும் நல்ல நன்மைதான். ஆனா அந்தப் புள்ள எழுதாம உட்டது கொஞ்சம் இருக்குது. அதை நான் சொல்றேன், காசு ஒண்ணும் வேண்டாம்.

ஜெர்மனின்னா மியூனிக், பெர்லின்னு ஆளாளுக்குப் பறக்கையில நீ கெம்னிட்ஸ்னு ஒரு ஊரைப் புடிச்சிருக்கறே. அதுல எனக்குச் சந்தோசம். அது பழைய மில்லு ஊரு. நெசவு, பின்னல், மெஷின் பட்டறைன்னு ஓஹோன்னு ஓடுன காலத்துல ‘சாக்சனி நாட்டு மான்செஸ்டர்’னு பேர் வாங்கினது. நம்ம கோயமுத்தூரு தென்னாட்டு மான்செஸ்டரு. ஒரு மான்செஸ்டர்ல பொறந்து இன்னொரு மான்செஸ்டர்ல படிக்கப் போறே. நெச மான்செஸ்டரு பாவம், இங்கிலாந்துல கேப்பாரில்லாம கெடக்குது. 1953-ல கெம்னிட்ஸுக்கு கார்ல் மார்க்ஸ் பேரை வச்சாங்க. 1990-ல சனங்க ஓட்டுப் போட்டுப் பழைய பேரையே வாங்கிக்கிட்டாங்க. பேரு போச்சே தவிர தலை போகல. 1971-ல வச்ச மார்க்ஸ் தலை இன்னும் நடு ஊருல நிக்குது, 7 மீட்டர் உசரம். வெறும் தலைதான், கழுத்துக்குக் கீழ ஒண்ணும் கெடையாது. மாசக் கடைசில அவரு முன்னால போய் நில்லு. வயிறு இல்லாத மூளையும் மூளை இல்லாத வயிறும் ஒண்ணையொண்ணு பாத்துக்கலாம்.

ஃபீஸே கெடையாதுன்னு டீக்கடைல உக்காந்து ஊருக்கே சொல்றான் உன்ற அப்பன். அரசாங்க யுனிவர்சிட்டில பெரும்பாலும் அப்பிடித்தான். செமஸ்டருக்கு ஒரு சின்னத் தொகை கட்டுனா முடிஞ்சுது. ஆனா நாடு பூரா அப்பிடின்னு நெனச்சுக்காதே. பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலத்துல 2017-ல இருந்து நம்ம மாதிரி வெளியாளுககிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கறாங்க. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-ல அதுக்கும் மேல போயிருச்சு. தனியார் காலேஜு தனிக் கதை. கன்சல்டன்சிக்காரன் எந்தக் காலேஜை மொதல்ல எடுத்துக் காட்டறானோ, அதுல அவனுக்கு என்ன கமிசன்னு கேட்டுப் பாரு. டீ சொல்றேன்னு எந்திரிச்சுப் போயிருவான். நம்ம புள்ளையும் அப்பிடித்தான் போச்சு. அதுக்கப்பறந்தான் கெம்னிட்ஸ் பேரே வெளிய வந்துது.

ஃபீஸ் இல்ல, சரி. ஆனா 11,904 யூரோவைக் கொண்டு போய் ஒரு கணக்குல அடைச்சு வச்சாத்தான் விசா. நம்ம காசுக்குப் பத்துப் பன்னெண்டு லட்சம். கெணத்து மேட்டுக் காடு அதுக்குத்தான் பேங்க்ல உக்காந்திருக்குது. போட்டது நீயா இருந்தாலும் மொத்தமா எடுக்க முடியாது, மாசம் 992 யூரோ மட்டும் சொட்டும். உன்ற கையில காசு தங்க வைக்கோணும்னு உன்ற அம்மா இருவது வருசமாப் போராடித் தோத்துப் போனா. அந்த சர்க்கார் ஒரே கையெழுத்துல செஞ்சு போட்டுது. மொத லாபம் இது, எழுதிக்கோ.

அதுக்கு முன்னாலயே ஏபிஎஸ்னு ஒண்ணு வந்துதே. நீ படிச்சேன்னு சொல்றதெல்லாம் நெசந்தானான்னு சர்ட்டிபிகேட்டைப் பாத்து அத்தாட்சி குடுக்கறது. 2022 நவம்பர்ல இருந்து நம்ம நாட்டுப் பசங்களுக்கு அது கட்டாயம். நாலு வருசமா எனக்கும் அதே சந்தேகம்தான் கண்ணு. ஜெர்மன்காரன் தீத்து வச்சான்.

படிப்புக்கு வருவோம். அங்க 1 வாங்குனவன் கெட்டிக்காரன், 4 வரைக்கும் தப்பிச்சவன், 5 வாங்குனா பெயிலு. மார்க்கு கம்மியா வாங்கோணுங்கற நாட்டுக்கு நீ போறது உன்ற ஜாதகத்துல எழுதி வச்சது. கிளாசுக்கு வந்தியான்னு பெரும்பாலும் ஒருத்தரும் பேர் கூப்பிட மாட்டாங்களாம். அதைக் கேட்டதும் நீ சிரிச்ச சிரிப்பைப் பாத்தேன். அங்கதான் மாட்டிக்குவே. வரலீன்னா ஏன்னு கேக்க ஆளில்ல, அப்பனுக்குப் போன் போட ஆளில்ல. ஆனா ஒரு பேப்பர்ல மூணு தடவை உழுந்தா பெரும்பாலும் கதை முடிஞ்சுது. அந்தப் படிப்பை அந்த நாட்டுல வேற யுனிவர்சிட்டிலயும் அனேகமாத் தொடர முடியாது. இங்க மாதிரி அரியரைச் சீதனமாட்டக் கூடவே தூக்கிட்டுத் திரியறதெல்லாம் நடக்காது. ஒண்ணு மட்டும் உனக்குச் சுளுவு. வாத்தியாரு பாடம் முடிச்சாப் பசங்க கை தட்டறதில்ல, விரல் மொட்டியால மேசையத் தட்டறாங்க. மேசை தட்டறதுல நீ இங்கயே டிகிரி முடிச்சவன்.

ஜெர்மன்காரன்னா மணி தப்ப மாட்டான்னு பயப்படாதே. 2024-ல அவியளோட தூரத்து ரயிலுங்க நூத்துக்கு 62 சொச்சம்தான் நேரத்துக்குப் போச்சாம். மேட்டுப்பாளையம் பாசஞ்சரைத் திட்டற வாய் கொஞ்சம் அடங்கும். ஆனா ரயிலு லேட்டு, நானும் லேட்டுன்னு பரீட்சைக்குப் போய் நிக்காதே. அந்தச் சலுகை ரயிலுக்கு மட்டும்தான்.

இங்க நீ காப்பி குடிச்ச டம்ளரு, வச்ச எடத்துல இருந்து தானா நடந்து போயிக் கழுவிக்கிட்டு அலமாரில ஏறிக்கும்னு நெனச்சுக்கிட்டு இருக்கறே. அங்க டம்ளருக்குக் காலு கெடையாது. நாலு பேருக்கு ஒரு அடுப்படி. கழுவாமப் போட்டா அடுத்த நாள் காலைல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், ரொம்ப மரியாதையா. அந்த மரியாதைக்கு வையறதே தேவலைன்னு இருக்கும். குப்பையக்கூட நெனச்ச மாதிரி போட முடியாது. காகிதம் ஒரு தொட்டி, பிளாஸ்டிக்கு ஒரு தொட்டி, காய்கறித் தோல் ஒரு தொட்டி. நம்மூட்ல ஒரே தொட்டிதான், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம். ஞாயித்துக்கிழமை கடை கண்ணி தொறக்காது, சனிக்கிழமையே அரிசி பருப்பு பாத்து வச்சுக்கோ. ராத்திரி பத்துக்கு மேல பாட்டைச் சத்தமா வச்சா பக்கத்து ரூம்காரன் சொல்லுவான், அப்பறம் போலீசு சொல்லும்.

செலவுக்கு வேலை பாக்கோணும். வருசத்துக்கு 140 முழு நாளு, இல்லீன்னா 280 அரை நாளு பாத்துக்கலாம்னு 2024-ல மாத்தியிருக்கறாங்க. பெரும்பாலும் பார்சல் குடோனு, இல்லீன்னா சாப்பாடு கொண்டு போற சைக்கிளு. மூட்டை தூக்கறதுக்கா எம்.எஸ். படிக்கப் போறேன்னு மொனகாதே. மணிக்கு இவ்வளவுக்குக் கம்மியா எந்த மொதலாளியும் குடுக்கக் கூடாதுன்னு சட்டம், 2025-ல அது 12.82 யூரோவா இருந்துது. சம்பளச் சீட்டுல மணிக் கணக்கு இருக்கும். பத்து நிமிசம் சேத்து நின்னாலும் எழுதி வாங்கிக்கோ. வாங்குனதும் அதைப் போட்டோ புடிச்சு அப்பனுக்கு அனுப்பு. நம்ம பனியன் கம்பெனில ஷிப்ட் முடிஞ்ச பொறகும் “ஒரே ஒரு லாட்டு, முடிச்சுட்டுப் போங்கம்மா”ன்னு பொண்டுகளை நிக்க வைக்கறானே, அந்த நேரமாப் பாத்து அனுப்பு. நான் சொன்னேன்னு சொல்லாதே.

இனிமேத்தான் சங்கதி. நல்லா உக்காரு.

ஹாஸ்டல்ல எடம் கெடைக்காம நீ ரூம் தேடுவே. வண்டி வண்டியா மெயில் போடுவே. பாதிப் பேரு உன்ற பேரைப் படிச்சதோட நிறுத்திக்குவான். சில பேரு நேர்ல வரச் சொல்லி, மூஞ்சியப் பாத்துப்போட்டு, ஐயோ இப்பத்தான் வேற ஆளுக்குக் குடுத்தாச்சேம்பான். எத்தனை பேரு குடியிருப்பீங்க, மசாலா வாசம் செவுத்துல ஏறுமா, ஊருல அப்பா என்ன செய்யறாருன்னு கேப்பான். அப்ப உனக்கு ஒரு நாய் வெறி வரும். வரட்டும். வந்ததும் நம்ம லைன் வீட்டை நெனச்சுக்கோ.

போன தை மாசம் ஒடிசாப் பசங்க ரெண்டு பேரு வந்து வாசல்ல நின்னாங்களே. நல்ல பசங்க, செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க. ஃபேமிலிக்கு மட்டும்தான்னு அப்பன் சொல்லிட்டான். மறுவாரம் ஃபேமிலியாவே ஒருத்தரு வந்தாரு, நம்ம ஜில்லாக்காரரு, சர்க்கார் வேலை, அட்வான்ஸ் பணம் கையோட. அவருகிட்ட என்ன கேட்டான்? நேராக் கேக்க மாட்டான், பெரிய மனுசன் பாரு. எந்த ஊரு, ஊருல எந்தப் பக்கம், குலதெய்வம் எதுன்னு பழமை பேசறாப்புல சுத்திச் சுத்தி வந்தான். கடைசில, “வீடு இன்னும் காலி ஆகலீங்க சார்”னுட்டான். கதவு தொறந்து கெடக்குது, உள்ள சுண்ணாம்பு வாசம் அடிக்குது. அந்த மனுசன் கதவையும் பாத்தாரு, அப்பனையும் பாத்தாரு, சரிங்கன்னு போயிட்டாரு. நீ பக்கத்துல நின்னு போனை நோண்டிக்கிட்டு இருந்தே. நான் இந்தக் கயித்துக் கட்டல்ல தூங்கற மாதிரி படுத்திருந்தேன். என்ற பங்கும் அதுல இருக்குது.

அம்பேத்கர் 1913-ல நியூயார்க் போனாரு, கொலம்பியா யுனிவர்சிட்டிக்கு, பரோடா மகராசா குடுத்த காசுல. அங்கயும் லண்டன்லயும் படிச்சுட்டு 1917-ல பரோடாவுக்கே உத்தியோகம் பாக்க வந்தாரு. வந்த எடத்துல தங்க ஒரு ரூம் கெடைக்கல. பார்சிக்காரங்க சத்திரத்துல பேரை மாத்திச் சொல்லித் தங்குனாரு. ஆளைக் கண்டுபுடிச்சுத் தடியோட வந்து வெளிய போன்னுட்டாங்க. கடல் தாண்டிப் போன ஊருல கெடச்சது சொந்த நாட்டுல கெடைக்கல. அந்தத் தடி புடிச்சவங்க பேரனுகளும் இந்நேரம் எங்கியாச்சும் வெளிநாட்டுல ரூம் தேடிட்டுத்தான் இருப்பாங்க.

பேச்சும் அப்பிடித்தான். பாடம் இங்கிலீஷ்ல நடக்கும், சரி. கடைக்காரி, பஸ்ஸுக்காரன், ஆபீசுல இருந்து வர்ற கடுதாசி எல்லாம் ஜெர்மன். நீ திக்கித் திக்கிப் பேசுனா, உனக்குப் புத்தியும் அவ்வளவுதான்னு நெனைக்கறவன் இருப்பான். சத்தமாச் சொன்னாப் புரியும்னு கத்தறவன் இருப்பான். அவிநாசி ரோட்டுல பானிபூரிக்காரன்கிட்ட நீ கத்துவியே, அதே சுதிதான். பொறுமையா ரெண்டு வார்த்தை சொல்லித் தர்ற கெழவியும் இருப்பா, அவளை உட்றாதே. கெம்னிட்ஸ்ல 2018-ல வெளியாளுகளைத் தெருவுல வெரட்டுன சேதி பேப்பர்ல வந்துது. அதே ஊரைத்தான் 2025-க்கு ஐரோப்பாவோட பண்பாட்டுத் தலைநகரம்னு வச்சாங்க. ரெண்டு சனமும் அங்கதான் இருக்குது, நம்மூட்டுக்குள்ளயே ரெண்டும் இருக்கற மாதிரி. படிச்சு முடிச்சா வேலை தேட 18 மாசம் தருவாங்களாம். அது தாராளம்தான், ஆனா அவிய மொழி வரலீன்னா அந்தப் பதினெட்டும் பார்சல் குடோன்லயே கரைஞ்சு போயிரும். இப்பவே படி.

லாபம் உனக்கு மட்டும்னு நெனைக்காதே. உன்ற பெரியப்பன் மகனுக்கு நாலு வருசமாப் பொண்ணு பாக்கறோம். தோட்டம் இருக்குதுன்னா, மாப்பிள தோட்டத்துலயா இருக்கறாருன்னு கேட்டுட்டு வச்சுர்றாங்க. உனக்கு விசா வந்த அன்னிக்குப் பொழுதோட மூணு ஜாதகம் வந்துது, மூணும் உனக்கு. அவன் மொகத்தைப் பாத்தியா? போறதுக்கு முன்னால அவனைக் கூட்டிட்டுப் போயி ஒரு பிரியாணி வாங்கிக் குடு.

பெட்டியக் கட்டறா உன்ற அம்மா. நெய் டப்பாவையும் பால்கோவாவையும் வெளிய எடுத்து வைக்கச் சொல்லு. பால் பண்டமும் கறியும் ஐரோப்பாவுக்குள்ள வெளிநாட்டுல இருந்து கொண்டு போக உட மாட்டாங்க. புடிச்சா அங்கயே கொட்டிருவாங்க. குக்கரு இருக்கட்டும். அரிசிம்பருப்பு சோறு எப்பிடி ஆக்கறதுன்னு அப்பத்தாகிட்டக் கேட்டு எழுதிக்கோ. போன்ல வீடியோ எடுக்காதே, அவ மூஞ்சி நல்லா உழலன்னு நாலு தடவை ஆக்குவா.

அப்பறம் ஒண்ணு. மாடில உன்ற ரூமைச் சும்மாப் பூட்டிப் போடறதுக்கு எனக்கு மனசில்ல. அந்த ஒடிசாப் பசங்க ரெண்டு பேரையும் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், எட்டுப் பேரு ஒரே ரூம்ல கெடக்கறாங்களாம். அடுத்த மாசம் ஒண்ணாந் தேதி வரச் சொல்லி அட்வான்சும் வாங்கிட்டேன், இந்தா பாரு, வேட்டி மடிப்புலதான் இருக்குது. உன்ற அப்பனுக்கு இன்னும் தெரியாது. நீ பிளேன் ஏறினதும் நான் சொல்லிக்கறேன். அவன் கத்துவான், உனக்குப் போன் போடுவான். உனக்கு அப்ப ரூம் கெடச்சிருச்சான்னு மட்டும் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன். அந்த கிரிக்கெட் மட்டையையும் இரும்புக் கட்டலையும் எறக்கி வச்சுட்டுப் போ. பசங்க பாய்லதான் படுப்பாங்களாம்.